உன் கம்ப்யூட்டருக்குக் காவல் வைக்கும் முன்

என் மகனுக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். முட்டி வலி மட்டும் தன் வேலையைத் தவறாமல் பார்க்கிறது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிற கடிதம், எழுத்துப் பிழை இருந்தால் நீயே சரிசெய்து படித்துக்கொள். இதை ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். வழியில் யார் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. உன் பெரிய அத்தையின் பிள்ளைகள் படித்தால் இன்னும் நல்லது. அவர்களுடைய அம்மா எங்களுக்கு என்ன செய்தாள் என்பதை அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். செத்தவளைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். சொல்லட்டும். எனக்கு மறதி வராத வரைக்கும் நான் சொல்லத்தான் செய்வேன்.

போன வாரம் நீ போனில் சிரித்துக்கொண்டே கேட்டாய். "அம்மா, புது கம்ப்யூட்டருக்கு ஆன்டிவைரஸ் போடணும். கடைக்காரன் ஒண்ணு சொல்றான், மச்சான் ஒண்ணு சொல்றான், கம்பெனியில ஒண்ணு சொல்றாங்க. நீ எதைப் போடச் சொல்ற?" என்றாய். நானும் சிரித்துவிட்டுப் போனை வைத்தேன். நாலு நாள் கழித்து உன் பெண்டாட்டி உங்கள் எலப்புள்ளி வீட்டிலிருந்து கூப்பிட்டாள். அவள் குரலில் சிரிப்பு இல்லை. "ஏனுங் அத்தை, அவரு ரெண்டு ஆன்டிவைரஸையும் போட்டுட்டாருங்க. ஊட்டுல கம்ப்யூட்டரு நகரவே மாட்டேங்குது. அதோட, மாமா பேசுன அந்தப் பதிவு இருக்குதுல்லீங்க, அதை ஆபத்துன்னு சொல்லித் தனியாப் பூட்டி வெச்சுருச்சுங்க. அழிக்கட்டுமான்னு தினமும் கேக்குது. நாம ஒண்ணும் சொல்லலீனா ஒரு மாசத்துல தானா அழிச்சுருமாமா. இவரு, சரி போகட்டும், தங்கச்சிகிட்ட கேசட்டு இருக்குதுங்கறாருங்க" என்றாள்.

கேசட் இல்லையப்பா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த மலைப்பனியில் பூஞ்சை பிடித்து, போன மழைக்கே அது வீணாகிவிட்டது. உன் தங்கை துடைத்துப் பார்த்தாள், வெயிலில் வைத்துப் பார்த்தாள். ஓடவிட்டால் காற்று அடிக்கிற சத்தம் மட்டும் வருகிறது. நீ வருத்தப்படுவாய் என்று உன்னிடம் சொல்லவில்லை. ஆக, ஸ்டூடியோக்காரர் சி.டி. தட்டில் ஏற்றிக் கொடுத்து, நீ உன் மெஷினில் போட்டு வைத்திருக்கிறாயே, அது ஒன்றுதான் உன் அப்பாவின் குரல். தட்டைத் தொட்டதும் தானாகத் திறந்து பேசட்டும் என்று அவர் ஏதோ சின்ன ஏற்பாடு செய்து கொடுத்திருந்தாராம். அந்த ஏற்பாட்டைப் பார்த்துத்தான் உன் காவல்காரன் சந்தேகப்படுகிறான் என்று உன் தங்கை சொல்கிறாள். இந்தக் கடிதம் வந்து சேரும்வரை எதையும் அழுத்தவிடாதே என்று உன் பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறேன். சேர்ந்த பிறகு, முழுதும் படிக்காமல் அழுத்தாதே.

கம்ப்யூட்டரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. காவலைப் பற்றித் தெரியும். வீட்டுக்குள் கெட்டது வராமல் இருக்க ஒருவனை வாசலில் வைப்பதில் என்னென்ன ஆகும் என்பதை, நீ பிறந்த வருஷத்தில் நான் பார்த்தேன். எழுபதுகளில் நடந்தது. இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. உன் அப்பா சொல்லவிடவில்லை.

சித்திரபுரத்துக்கு மேலே, எஸ்டேட்டில் எங்களுக்கு லயத்தில் வீடு. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள், எல்லோருக்கும் ஒரே முற்றம். மழைக்காலத்தில் அங்கே மத்தியானத்திலேயே பனி இறங்கிவிடும். பக்கத்து வீட்டு வாசல் தெரியாது. முற்றத்தில் காயப்போட்ட சேலை ஆள் நிற்பது போலத் தெரியும். அந்த வருஷம் பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வரத் தொடங்கியது. பயமுறுத்துகிற குரலாக இருந்திருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருப்போம். அது தெரிந்தவர்களின் குரலில் வந்தது. கடைசி வீட்டுப் பேச்சியை அவள் புருஷன் குரலில் கூப்பிட்டது. "பேச்சி, கதவைத் தொற, கை நிறைய சாமான் இருக்கு" என்றதாம். அவள் புருஷன் அந்த நேரம் பாக்டரியில் உன் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று இலை அள்ளிக்கொண்டிருந்தான். பேச்சி திறந்துவிட்டாள். சாயங்காலம் ஓடைக்கரையில் தண்ணீருக்குள் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைக் கண்டுபிடித்தார்கள். உடம்பில் கீறல் கிடையாது. உன் பெயர் என்ன என்று கேட்டதற்கு, எங்கள் யாருக்கும் தெரியாத ஒரு பெயரைச் சொன்னாள். அப்புறமும் அவள் இருந்தாள். கொழுந்து கிள்ளினாள், சோறாக்கினாள். புருஷனை மட்டும் பஸ் கண்டக்டரைப் பார்ப்பது போலப் பார்ப்பாள்.

கம்ப்யூட்டருக்கு வருகிற கெட்டதும் அப்படித்தான் வரும் என்று உன் தங்கை சொன்னாள். பாங்கி பெயரில் வருமாம், கூட வேலை பார்க்கிறவன் பெயரில் வருமாம், திற என்று சொல்லுமாம். வருகிற வழி மாறியிருக்கிறது, வருகிற விதம் மாறவில்லை. ஆகவே காவல் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். பேச்சியின் கண்ணைப் பார்த்தவள் அப்படிச் சொல்ல மாட்டாள். எந்தக் காவல் என்பதுதான் பேச்சு.

குரல் வந்த செய்தி பரவியதும், காவல் கட்டுகிறவர்கள் ஒவ்வொருவராக மலையேறி வந்தார்கள். முதலில் வந்தவன் எங்கள் பக்கத்து வீட்டு லூர்தம்மாள் வாசலில் நின்று, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல், "இந்த வீட்ல ஏழு குத்தம் இருக்கு, இன்னைக்கே எடுக்கலைன்னா உசுருக்கு ஆபத்து" என்று கத்தினான். லூர்தம்மாள் விளக்குமாற்றோடு வெளியே வந்தாள். "யோவ், வாசப்படி மிதிக்கல, அதுக்குள்ள ஏழு குத்தம் கண்டுட்டியா? இந்த வீட்ல இருக்கிற ஒரே குத்தம் என் வீட்டுக்காரருதான். கூட்டிட்டுப் போறியா?" என்றாள். லயமே சிரித்தது. உன் மெஷினில் நீ எதையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது, திடீரென்று சிவப்பாக ஒரு கட்டம் வந்து, உன் கம்ப்யூட்டரில் இத்தனை வைரஸ் இருக்கிறது, இப்போதே இங்கே அழுத்து என்று கூவுமாமே. அது அந்த ஆள்தான். கேட்காமல் வந்து குற்றம் சொல்கிறவனை உள்ளே விடாதே. நல்ல காவல்காரனை நாம்தான் தேடிப் போக வேண்டியிருக்கும்.

இரண்டாவது வந்தவன் காசே வேண்டாம் என்றான். நிறையப் பேர் அவனைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஒவ்வொரு வீடாக உள்ளே போய், அடுப்படி எது, பெட்டி எது, யார் எந்த நேரம் வேலைக்குப் போவார்கள், யார் யாரோடு பேசுவதில்லை என்று எல்லாம் கேட்டான். கேட்டுக்கொண்டு மூலைக்கு மூலை தண்ணீர் தெளித்தான். அவன் அந்த வீடுகளைக் காத்தானோ இல்லையோ, மனப்பாடம் செய்துகொண்டு போனான். இனாம் என்று வருகிற எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. உன் தங்கை மெஷினில் வாங்கும்போதே கூட வந்த காவல் ஒன்று இனாமாக இருக்கிறதாம், ஒழுங்காகத்தான் வேலை பார்க்கிறதாம். ஆனால் காசு வாங்காதவன் வேறு எதை எடுத்துக்கொண்டு போகிறான் என்று பார். எழுதிக் கொடுத்திருப்பார்களாமே, இன்னின்னதைப் பார்ப்போம் என்று. நீளமாக இருக்கிறதென்று படிக்காமல் சரி சொல்லிவிடாதே.

மூன்றாவதாக உன் பெரிய அத்தை தன் ஆளைக் கூட்டி வந்தாள். உன் அப்பாவுக்கு மூத்தவள், கீழ் லயத்தில் குடியிருந்தவள், தம்பி வீட்டில் அடுப்பு எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்பதைக்கூடத் தானே முடிவு செய்கிறவள். அந்த மனிதர் மறையூர் தாண்டி எங்கிருந்தோ வந்தவர். அதிகம் பேசவில்லை. பயமுறுத்தவும் இல்லை. நடுவீட்டில் உட்கார்ந்து நான்கு இரும்பு ஆணிகளை முன்னால் வைத்துக்கொண்டார். "இந்த வீட்டுக்கு உரியவங்க பேரைச் சொல்லுங்க. சொன்னவங்க போகலாம் வரலாம். சொல்லாத எதுவும் வாசல்ல நின்னுரும்" என்றார். பெயர் சொல்லச் சொல்ல, அவர் ஆணிகளை ஒவ்வொன்றாக வாயருகே வைத்து அந்தப் பெயரை ஊதினார்.

பெயர் சொன்னது யார் என்று நினைக்கிறாய்? உன் அத்தைதான். உன் அப்பா பெயர், என் பெயர், அவள் பெயர், அவள் புருஷன் பெயர், அவள் பிள்ளைகள் பெயர். அதோடு நின்றாளா? "செவலையும் வந்து போற உசுருதான" என்று தன் ஆட்டின் பெயரையும் சொன்னாள். அப்போது நீ என் வயிற்றில் முழு மாதம். நான் வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். "ஏ புள்ள, உனக்கு அறிவிருக்கா? வயித்துல கெடக்கறதுக்குப் பேரு சொல்லுவாங்களா? கணக்குல சேத்தா கண்ணு பட்டுரும். பொறக்கட்டும், அப்புறம் பாத்துக்கிடலாம்" என்றாள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. வயிற்றுப் பிள்ளையை யாரும் எண்ணிச் சொல்லமாட்டார்கள், பெயர் வைத்துக் கூப்பிடமாட்டார்கள். நானும் அந்த வழக்கத்தில் வளர்ந்தவள்தான், வாயை மூடிக்கொண்டேன். நான்கு மூலையிலும் ஆணி இறங்கியது. எந்த இடம் என்று யாருக்கும் தெரியாதபடி மேலே மண் பூசி, சாணம் மெழுகிவிட்டு அவர் போய்விட்டார்.

காவல் நன்றாகத்தான் வேலை செய்தது. அதைச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். குரல் எங்கள் வாசல் பக்கமே வரவில்லை. முற்றத்தில் நின்று திரும்பிப் போவது தெரியும். ஈர மண்ணில் சத்தம் வரும், எங்கள் வாசலுக்கு முன்னால் நின்றுவிடும், அப்புறம் அடுத்த வாசலுக்குப் போகும். உன் அத்தை லயம் முழுக்கத் தன் பெருமையைச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நீ பிறந்தாய். நல்ல வெளிச்சமான மத்தியானம் உன்னை வீட்டுக்குத் தூக்கி வந்தோம். உன் அத்தைதான் ஆரத்தி எடுத்தாள். என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாய். வலது காலை எடுத்து வாசற்படிக்குள் வைத்தேன், உன் உடம்பு விறகுக்கட்டை மாதிரி விறைத்துப்போனது. வாய் திறந்திருக்கிறது, அழுகை வரவில்லை. பயந்து பின்னால் வந்தேன். தாழ்வாரத்துக்கு வந்ததும் வீறிட்டு அழுதாய். மறுபடி உள்ளே, மறுபடி விறைப்பு. உள்ளே தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்து பால் கொடுத்துப் பார்த்தேன். வாயை வைக்கவே இல்லை. கண் மட்டும் நகர்ந்தது. ஒரு மூலையைப் பார்த்தாய், அடுத்த மூலையைப் பார்த்தாய், அப்படி நான்கையும் பார்த்தாய். யாரோ ஒவ்வொரு மூலையிலிருந்தும் உன்னை ஏதோ கேட்பது போலவும், உனக்குப் பதில் தெரியாதது போலவும் இருந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரெசர் வந்து, தாழ்வாரத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்றார். அதுவும் உண்மைதான். வெளியே வந்தால் உனக்கு ஒரு குறையும் இல்லை. நான் வாசலில் உன்னை வைத்துக்கொண்டு நிற்கிறேன், உன் அத்தையின் செவலை என்னைத் தாண்டி உள்ளே போய், என் கட்டிலுக்கடியில் படுத்து அசை போடுகிறது. அந்த ஆட்டை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

புரிகிறதா மகனே? காவலுக்கு நல்லது கெட்டது தெரியாது. தெரிந்தது, தெரியாதது மட்டும்தான் தெரியும். அது உன்னைக் கெட்டது என்று நினைக்கவில்லை. உன் பெயர் அதன் காதில் விழவில்லை, அவ்வளவுதான். உன் மெஷினில் இப்போது நடப்பதும் அதே கூத்துதான். ஆகவே வாங்கும்போது, எத்தனை வைரஸைப் பிடிக்கும் என்று மட்டும் கேட்காதே. நம் பொருளைத் தப்பாகப் பிடித்துவிட்டால் என்ன செய்யும் என்று கேள். கேட்காமல் அழிக்கிறதா, பிடித்துவைத்துக்கொண்டு நம்மைக் கேட்கிறதா என்று பார். கேட்கிற காவல்தான் வீட்டுக்கு ஆகும். இது நம் வீட்டுப் பொருள் என்று நாம் சொன்னால் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளவும் வேண்டும்.

உன்னைத் தூக்கிக்கொண்டு லூர்தம்மாள் வீட்டில் போய் இருந்தேன். அங்கே பால் குடித்தாய், தூங்கினாய். ஆனால் அந்த வீட்டுக்குக் காவல் கிடையாது. எங்கள் வாசலை விட்ட குரல், காவல் இல்லாத வீடுகளைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் லூர்தம்மாள் மலைக்கு வேலைக்குப் போயிருந்தாள். பனி ஜன்னல் வரைக்கும் வந்து நின்றது. உன்னை மடியில் போட்டுக்கொண்டு நான் பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே என் குரல் கேட்டது. என் குரலேதான். உன்னைக் கொஞ்ச நான் சொல்கிற சொல்லெல்லாம் சொல்லி, "வாடா கண்ணு, பால் குடிக்க வா" என்றது. நீ என் முகத்தை ஒரு தரம் பார்த்தாய். அப்புறம் கதவுப் பக்கம் தலையைத் திருப்பினாய். பிறந்து சில நாளே ஆன பிள்ளை, தலை நிற்காத பிள்ளை, தானாகத் திரும்பிப் பார்த்தாய். நான் உன் காதை மார்போடு அழுத்திப் பொத்திக்கொண்டேன். இனி இங்கே இருந்தால் பிள்ளை தங்காது, எப்படியாவது காவல் உள்ள வீட்டுக்குள் உன்னைக் கொண்டுபோய்விட வேண்டும் என்று அந்த நேரம் முடிவு செய்தேன்.

லூர்தம்மாள் நல்ல மனதோடு கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து, வாசற்படிக்கு வெளியே நின்றே எங்கள் வீட்டுக்குள் தெளித்து ஜெபம் செய்தாள். அவள் மேலும் குற்றமில்லை, தீர்த்தத்தின் மேலும் குற்றமில்லை. ஒரு வாசலுக்கு இரண்டு காவலாகிவிட்டது, அதுதான் குற்றம். அன்றைக்கு அந்த வீட்டில் எதுவும் நடக்கவில்லை. அடுப்பு எரிகிறது, உலை கொதிக்கவில்லை. உன் அப்பா மத்தியானம் போட்ட அரிசி விளக்கு வைக்கிற நேரத்திலும் கல்லாகக் கிடந்தது. கதவைத் தள்ளினால் தண்ணீருக்குள் தள்ளுவது போல மெதுவாக நகர்ந்தது. பேசினால் நம் சொல் நம் காதுக்கே தாமதமாக வந்தது. இரண்டு காவலும் ஒன்றை ஒன்று சோதித்துக்கொண்டே இருந்திருக்கின்றன. தீர்த்தம் காய்ந்து போன பிறகுதான் உலை கொதித்தது. உன் கம்ப்யூட்டர் நகரவில்லை என்று உன் பெண்டாட்டி சொன்னாளே, அப்போது எனக்கு அந்த அரிசிதான் ஞாபகம் வந்தது. ஒன்றை எடுத்துவிடு. எதை வைத்துக்கொண்டாலும் ஒன்று போதும்.

கடைசியில் ஆள் அனுப்பி அந்த மறையூர்ப் பக்கத்து மனிதரையே வரவழைத்தோம். பனிக்குள்ளிருந்து வந்தவர் முற்றத்திலேயே நின்றுவிட்டார். அவர் பெயரும் அந்த ஆணிகளில் இல்லை, அவர் கட்டிய காவல் அவரையே விடாது. உன் அப்பா ஆணியைப் பிடுங்கச் சொன்னார். "இறக்குனத எடுக்குற வித்தை எனக்குத் தெரியாது. பேரை மாத்தலாம். ஒரு பேரை எடுத்துட்டு இன்னொண்ண வைக்கலாம்" என்றார். உள்ளே விடத் தெரிந்து வெளியே எடுக்கத் தெரியாதவன் கையில் வாசலைக் கொடுக்கக் கூடாது என்று அன்றைக்குப் புரிந்தது. நீ போடுகிற ஆன்டிவைரஸும், வேண்டாம் என்றால் சுத்தமாகக் கழற்ற வருகிறதா என்று கேட்டுவிட்டுப் போடு.

"அப்ப ஆட்டுப் பேரை எடுங்க" என்றேன் நான்.

"ஆட்டுக்குக் கொடுத்த எடம் ஆளுக்கு ஆகாதும்மா."

நான் உன் அத்தையைப் பார்த்தேன். "மதினி, நீங்க கீழ் லயத்துல குடியிருக்கீங்க. உங்க பேரை எடுக்கட்டும். பிள்ளை உள்ள வரட்டும்" என்றேன். லயமே கூடி நிற்கிறது. உன்னை அவள் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறேன். அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "ஏன், என் தம்பி வீட்டுக்கு நான் வரப்படாதோ? நேத்து வந்தவ என்னை வாசல்ல நிறுத்தப் பாக்குறாளோ?" என்றாள். அவளுடைய புருஷன் தலையைக் குனிந்துகொண்டார், பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியாத வயசு. இதைத்தான் நான் மறக்கவில்லை. அவள் என்னைத் திட்டிய எத்தனையோ திட்டை மறந்திருக்கிறேன், இதை மறக்கவில்லை.

உன் அப்பா முன்னால் வந்து, "என் பேரை எடுத்துருங்க" என்றார். சாதாரணமாக, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுப்பது போலச் சொன்னார். நான் வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். "பாக்டரியிலதான பாதி நேரம் கெடக்கேன். பிள்ளை உள்ள இருக்கட்டும்" என்றார். அந்த மனிதர் சுவரின் வெளிப்பக்கமாக நான்கு மூலைக்கும் போய், குனிந்து ஏதோ சொல்லிவிட்டு வந்தார். அவர் மூலைக்குப் போகும் முன்பே உனக்கு அங்கேயே, முற்றத்தில் வைத்துப் பெயர் வைத்திருந்தோம். நல்ல நாள் பார்க்கவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். நீ விறைக்கவில்லை. மூலைகளைப் பார்க்கவில்லை. அடுப்படியில் உட்கார்ந்ததும் பால் குடித்தாய். திரும்பிப் பார்த்தால், உன் அப்பா வாசற்படிக்கு வெளியே ஒரு காலைத் தூக்கியபடி நிற்கிறார். கால் இறங்கவில்லை. எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நிற்கிறார்.

"ஆணியில பேர் இருந்த ஆளு, உள்ள இருக்கிறவங்க கூப்பிட்டா வரலாம். தானா வர முடியாது" என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் பனிக்குள் போய்விட்டார். நான் "வாங்க" என்றேன். கால் இறங்கியது. உன் அப்பா வந்தார்.

அன்றிலிருந்து உன் அப்பா எந்த வீட்டு வாசலிலும் நின்று "வரட்டுமா?" என்று கேட்காமல் உள்ளே வந்ததில்லை. நீயும் உன் தங்கையும் அது அவருடைய விளையாட்டு என்று நினைத்து வளர்ந்தீர்கள். வெளியே நிற்கிறவரைப் பார்த்து, பெண்டாட்டிக்குப் பயந்தவர் என்று பிற்பாடு லயத்துக்குக் குடிவந்தவர்கள் கேலி செய்தார்கள். அந்த லயத்தை விட்டு, ஆணி இல்லாத இந்த வீட்டுக்கு வந்த பிறகும் நின்று கேட்பார். பழக்கம்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். மழையில் ஒரு நாள் நான் கூப்பிட மறந்துவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் நனைந்தபடி அங்கேயே நின்றிருந்தார்.

ஆனால் இதில் இன்னொரு ஆபத்து இருந்தது, அது எங்களுக்கு இரண்டு மாசம் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு குரல் வாசலில் நின்று உள்ளே வரட்டுமா என்று கேட்கிறது, நான் வா என்றால் வரும். இது உன் அப்பாவுக்கு மட்டும்தானா திறந்த வழி? பனி கெட்டியாக இறங்கிய ஒரு மத்தியானம், நீ பாயில் கிடந்தாய். "வரட்டுமா?" என்று அவர் குரல் கேட்டது. வாங்க என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். உன்னைப் பார்த்தேன். அப்பா குரல் கேட்டால் கையைக் காலை உதறிச் சிரிக்கிற பிள்ளை, அசையாமல் கிடந்தாய். நான் சொல்லை விழுங்கினேன். மறுபடியும் "வரட்டுமா?" என்றது. இந்தத் தடவை இன்னும் அன்பாகக் கேட்டது. நான் அசையவில்லை. வெகுநேரம் வாசலில் யாரோ நிற்பது தெரிந்தது. அப்புறம் ஈர மண்ணில் சத்தம் நகர்ந்து போனது. சாயங்காலம் உன் அப்பா பாக்டரி வாசனையோடு வந்து "வரட்டுமா?" என்றபோது, எனக்கு அழுகைதான் வந்தது. யாரென்று எப்படித் தெரிந்துகொள்வது? அப்போது வாய்க்கு வந்ததைக் கேட்டேன். "நேத்து என்ன குழம்பு?"

வெளியே துண்டை உதறுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "அதைக் கொழம்புன்னா சொல்ற? உப்பும் இல்ல, புளியும் இல்ல" என்றார்.

"வாங்க" என்றேன்.

அதற்குப் பிறகு தினமும் அதே கேள்விதான். பதில் மட்டும் தினமும் வேறு. எல்லோருக்கும் தெரிந்த பதிலை நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. எழுதி ஒட்டவில்லை. உன் அத்தைக்குக்கூடச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தால் லயத்துக்கே தெரியும். நீயும் உன் மெஷினுக்குச் சொல்கிற ரகசியச் சொல்லைப் பிள்ளை பெயரிலும் பிறந்த நாளிலும் வைக்காதே. காவல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், உள்ளே இருக்கிறவள் யாரென்று கேட்காமல் வா என்று சொல்லிவிட்டால் அது ஒன்றும் செய்ய முடியாது. கதவைத் திறக்கிற கை எப்போதும் நம்முடையதுதான்.

இப்போது உன் வாசலுக்கு வா. இரண்டில் ஒன்றைச் சுத்தமாக எடுத்துவிடு. மிஞ்சியதை அவ்வப்போது புதுப்பித்துக்கொள். போன வருஷத்துக் கெட்டதை மட்டும் தெரிந்தவன் இந்த வருஷத்துக்கு உதவமாட்டான். அதன் பிறகு, பூட்டி வைத்திருக்கிற இடத்தைத் திற. அங்கே உன் அப்பா இருக்கிறார். தெரியாத ஆள் என்று எழுதியிருக்கும். அனுமதிக்கட்டுமா, அழிக்கட்டுமா என்று கேட்கும். உனக்காகத் தன் பெயரை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஆயுசு முழுக்க வாசலில் நின்ற மனிதரை, நீ கட்டின வீட்டிலும் தெரியாத ஆள் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அனுமதி என்பதை அழுத்து. இது நம் வீட்டுக்கு உரியது என்று அந்தக் காவலுக்குச் சொல்லிக் கொடு.

ஆனால் அழுத்திவிட்டு உடனே சந்தோஷப்படாதே. காது கொடுத்துக் கேள். அவர் கடைசி வருஷத்தில், கடைக்குப் போய்விட்டு வாசலுக்கு வந்தபோது உன் தங்கை பதிந்தது அது. முதலில் அவர் "வரட்டுமா?" என்பார். அதற்குப் பின் உள்ளேயிருந்து என் குரல் வரும், என்ன குழம்பு என்று கேட்பேன். அவர் பதில் சொல்வார், அதற்கு உன் தங்கை சிரிப்பது கேட்கும். அப்படி இருந்தால் அது உன் அப்பா. மெஷினைப் பார்த்து வாய்விட்டு "வாங்கப்பா" என்று சொல். உன் பெண்டாட்டி சிரித்தால் சிரிக்கட்டும்.

என் குரல் அதில் வராமல், அவர் குரல் மட்டும் திரும்பத் திரும்ப "வரட்டுமா, வரட்டுமா" என்று கேட்டால், பதில் சொல்லாதே. எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் சொல்லாதே. மெஷினை அணைத்துவிட்டு, பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்குப் போன் செய். நான் எடுத்ததும், நான்தானா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்.

உன் அம்மா